பெட்டிச் சிரிப்பு

"அந்தப் பெட்டி இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன் தம்பி. ரெண்டுல எது வேணும்னு நீயே முடிவு பண்ணு" என்றார் இஸ்ஸி பிளாட்கின்.

தயாரிப்பாளர் ஹாலிஸுக்குத் தலை சுற்றியது. ஹாலிவுட்டில் அவன் எடுக்கும் தொலைக்காட்சித் தொடருக்கு இஸ்ஸிதான் கதாநாயகன். ஆளில்லாத அரங்கில் படம் பிடித்துவிட்டு, சிரிப்புப் பெட்டியிலிருந்து சிரிப்பை எடுத்து ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம். தட்டச்சு இயந்திரம் போல அதில் வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் யாரோ களுக்கென்று சிரிப்பார்கள், இன்னொன்றை அழுத்தினால் கொட்டகையே அதிரும்.

"ஊர்ல எல்லாத் தொடரும் இப்படித்தான் சார் வருது. எங்க சிரிக்கணும்னு வீட்ல பாக்கறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"அதச் சொல்லத்தானே நான் இருக்கேன்? போன வாரம் நான் வாயே தொறக்கல, அதுக்குள்ள உன் பெட்டி விழுந்து விழுந்து சிரிக்குது."

இஸ்ஸியின் கோபத்தில் நியாயம் இருந்தது. மீசை முளைக்கும் முன்பே வோட்வில் என்ற பல்சுவைக் காட்சி மேடையில் ஏறியவர் அவர். பந்துகளை எறிந்து பிடிக்கிறவனுக்கும் நாய் வித்தைக்காரனுக்கும் நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். திங்கட்கிழமை மதியக் காட்சியில் சிரிப்பு வரவில்லையென்றால், வாசலில் மாட்டிய போட்டோவைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் கொட்டகைக்காரர். இஸ்ஸியின் போட்டோவை எந்த ஊரிலும் யாரும் கழற்றியதில்லை. அவரும் மனைவி மின்னாவும் ஜோடியாக மேடையேறி, ரயில் ரயிலாக மாறி, ஊர் ஊராகச் சிரிக்க வைத்தார்கள்.

பேசும் படம் வந்தது, கொட்டகைகள் மூடின. சினிமாவில் இஸ்ஸிக்கு டாக்சி டிரைவர், சர்வர், குடிகாரன் என்று துண்டு வேஷங்கள் கிடைத்தன. கேமரா சிரிக்குமா என்ன? இப்போது தொலைக்காட்சி வந்த பிறகு தெருவில் குழந்தைகள்கூட அடையாளம் கண்டு கை காட்டுகின்றன. ஆனாலும் ஒரு நிஜச் சிரிப்பைக் காதால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நமக்கு இன்னும் அது வருமா என்ற பயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

"ஒரே ஒரு நாள் ஜனங்கள உக்கார வை. பெட்டிய மூடி வை" என்றார் ஹாலிஸிடம். "சிரிச்சாங்கன்னா இனிமே எப்பவும் அப்படித்தான் எடுக்கணும். சிரிக்கலைன்னா என் போட்டோவ நானே கழட்டிக்கிட்டுப் போயிடறேன். அதோட நடிப்புக்கே முழுக்கு."

பக்கத்தில் நின்ற மின்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாலிஸ் தலையாட்டிவிட்டு நகர்ந்ததும் அவர் கையைப் பிடித்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா இஸ்ஸி? நடிக்காம உன்னால ஒரு வாரம் வீட்ல இருக்க முடியுமா? செத்துப் போயிடுவ."

"பொய்ச் சிரிப்பக் கேட்டுக் கேட்டு தினமும் சாகறதுக்கு அது தேவலாம்."



அந்த நாள் வந்தது. திரைக்குப் பின்னால் இஸ்ஸி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆளு வந்திருக்கா?"

"நிரம்பி வழியுது" என்றாள் மின்னா.

திரையை விலக்கப் போன கையை அவள் தட்டிவிட்டாள். "எட்டிப் பாக்காத. மேடைக்காரனுக்கு அது ஆகாதுன்னு தெரியாதா? நான் முன்னாடி போய் நிக்கறேன். நீ பாட்டுக்கு ஆடு."

திரை விலகியது. விளக்குகள் கண்ணைக் குத்தின. அதற்கு அப்பால் ஒரே இருட்டு.

முதல் வசனத்தைச் சொன்னார். சத்தமே இல்லை. இரண்டாவதைச் சொன்னார். யாரோ இருமினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே மூன்றாவதைச் சொன்னபோது, இருட்டுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பியது. அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததற்குக் கொல்லென்று அரங்கமே சிரித்தது.

இஸ்ஸிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிரிப்பு பாதி அடங்கும் வரை பொறுத்து, அடுத்த வசனத்தை எடுத்துவிடுவது அவருடைய பழைய வித்தை. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அவர் புருவத்தைத் தூக்கினால் சிரிப்பு, தொப்பியைத் தொட்டால் சிரிப்பு. ரயிலேறித் திரிந்த காலத்து இஸ்ஸி திரும்பி வந்துவிட்டார்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. ஒரு பெண்ணின் சிரிப்பு, முடிவில் விக்கலோடு. சற்று நேரத்தில் அதே சிரிப்பு, அதே விக்கல். மறுபடியும் அதே.

போன வாரத் தொடரில் பெட்டி சிரித்தபோது கேட்ட விக்கல் அது.

இஸ்ஸிக்கு ரத்தம் உறைந்தது. ஏமாற்றிவிட்டார்கள். ஒருத்தரும் வரவில்லை. இத்தனை நேரமும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். நிரம்பி வழிகிறது என்று மின்னாவும் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள்.

வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கு ஓடினார். விளக்குகளைத் தாண்டிக் கீழே குதித்தார். சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஹாலிஸின் பரம்பரையையே திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டார்.

ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அத்தனை பேரும் உதட்டைக்கூட அசைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்சுவர் ஓரமாக, கண்ணீர் வழிய வழிய, பெட்டியின் பொத்தான்களை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள் மின்னா.