மேலே ஏறிய வரி

அவள் உள்ளே வந்ததும் கணவர் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். இந்த வாரம் முழுக்க இதே கூத்துதான்.

"யாரு அது?"

"யாரும் இல்லையே. ஆபீஸ் வேலை."

வாஷிங் மெஷினுக்குக் கையேடு எழுதுகிற மனுஷனுக்கு அப்படி என்ன ரகசியம்? எங்கேயோ இடிக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. போன வாரம்கூட போனில் யாரிடமோ, "அவளுக்குத் தெரிய வேண்டாம், நீங்க சரின்னு சொன்னா போதும்" என்று குழைந்துகொண்டிருந்தார்.

அவளிடமும் ஒரு ரகசியம் இருந்தது. கழுத்தில் ஒரு கட்டி. காலர் வைத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் இருந்தாள்.

வீட்டில் எல்லோருக்கும் பொதுவான டேப்லெட்டில், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம்தான் அவளுக்குத் துணை. மற்ற தளங்களில் விளம்பரமும் பயமுறுத்தலும் கலந்துகட்டி அடிக்கும். இங்கே பெயர் ஒட்டி அடுக்கிய டப்பாக்கள் மாதிரி, தேடினது தேடின தலைப்பில் கிடைக்கும். ஆனால் கழுத்துக் கட்டி பற்றிய கட்டுரையில் 'புற்றுநோய்' என்ற தலைப்பு வந்ததும், பக்கத்தைக்கூட மூடாமல் டேப்லெட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

இன்று பார்த்தால் அந்தக் கட்டுரையே தலைகீழாக மாறியிருந்தது. 'கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்ற வரி முதலிலேயே நின்றது. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். முதல் முறையாகக் கடைசிவரை படித்து, நாளைக்கே டாக்டரைப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள்.

வந்த துணிச்சலோடு இவரையும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. விடுவிடுவென்று போய் அவர் எதிரிலேயே மடிக்கணினியைத் திறந்தாள்.

திரையில் அதே கட்டுரை. திருத்தும் பெட்டிக்குள் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது.

"அப்போ போன்ல குழைஞ்சது யார்கிட்ட?"

"டாக்டர்கிட்ட. நான் எழுதினதுல தப்பு இருக்கான்னு பாக்கச் சொன்னேன்."

"என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒண்ணுமில்லைன்னு சாதிச்சிருப்பே."

அவள் கை தானாகக் காலரைப் பிடித்துக்கொண்டது. அவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

"தினமும் பாதியிலயே போட்டுட்டு எழுந்துடறே. அதான் நல்ல சேதியை மேல ஏத்தி வெச்சேன்."