பசாசுக்கு ஞானஸ்நானம்

குருசுக்குப்பத்துக் கடற்கரைப் பாறைகளில் அந்தி வெயில் செம்பாகக் கிடக்கிறது. லினெட்டின் எதிரே, அவள் காதலிக்கும் பசாசு முழங்காலிட்டுத் தலை குனிந்திருக்கிறான். இருட்டுவதற்குள் ஞானஸ்நானம் பெற்றால் மனிதனாவான். இல்லையேல் நரகத்துக்கே திரும்ப வேண்டும். பங்குச் சாமியார் கொடுக்க மறுத்துவிட்டார். ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்த நம்பிக்கையில், ஈஸ்டருக்குக் கோயிலில் மந்திரித்த பாஸ்கா தீர்த்தத்தைப் பாட்டிலோடு எடுத்து வந்திருக்கிறாள். "பேரு வெக்கணுமே. என்னன்னு வெக்கட்டும்?" "நீ கோவத்துல கூப்பிடுவியே, அதையே வை." "எருமைன்னா? சாமி ஒத்துக்குவாரா? தனிஸ்லாஸ்னு வெக்கிறேன்." திரித்துவத்தின் பெயரைச் சொல்லி ஊற்றுகிறாள். தண்ணீர் அவன் தலையைத் தொடும் முன்பே புகைந்து காற்றில் கரைகிறது. "நனைஞ்சுதா லினெட்? எனக்கு ஒண்ணும் தெரியலயே," என்று கண் திறக்காமல் கேட்கிறான். "ஆடாம இரு. இன்னும் ஊத்திட்டுதான் இருக்கேன்," என்கிறாள், காலிப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தபடி.