வெள்ளிக்கிழமைத் தப்பு

"அந்த நூருல் அமீனைக் குரூப்பை விட்டுத் தூக்கு. இல்லேன்னா நான் போறேன்!"

துரைசாமி பால் கலக்காத தே ஓ தேநீர்க் கோப்பையை டொக்கென்று வைத்தார். ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த வைஷாலிதான் அந்தப் புதைபடிவ வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவள்.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"என்ன ஆச்சா? இதைப் பாரு!"

போனை நீட்டினார். கல்லாகிப் போன ஒரு ட்ரைலோபைட். பல கோடி வருஷத்துக்கு முந்திக் கடலில் ஊர்ந்து, பூண்டோடு அழிந்துபோன பூச்சி மாதிரி ஜீவன். படத்துக்குக் கீழே நூருல் அமீன் 'காலிமெனி' என்று எழுதியிருந்தார்.

"இது ஃபேகாப்ஸ்ங்கிற வேற இனம்மா! நடு உடம்புல வளையத்தை எண்ணு. பதினொண்ணு. காலிமெனின்னா பதிமூணு இருக்கணும். கண்ணைப் பாரு, எம்மாம் பெரிசு! லென்ஸ் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. தலை நடுவுல இருக்கிற மேடு முன்னால வர வர அகலமாகுது. காலிமெனிக்குக் குறுகிடும். இதுகூடத் தெரியாதா?"

"மெதுவா, அங்கிள்."

"வெள்ளிக்கிழமை தவறாம ஒரு தப்பு. நானும் ஒரு பக்கம் எழுதித் திருத்துறேன். சனிக்கிழமை, 'அப்படியா சார், இன்னும் விளக்குங்க'ங்கறான். ஞாயித்துக்கிழமை இன்னொரு சந்தேகம். எனக்கு வேற வேலை இல்லையா?"

வேறு வேலை இல்லைதான். மனைவி தங்கம் இறந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மகன் பெர்த்தில். சில நாள் ராத்திரி படுக்கப் போகும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். அதைப் போய் யாரிடம் சொல்வது?

"அவரைத் தூக்கிட்டா அப்புறம் யாருக்கு எழுதுவீங்க?"

"யாருக்கும் எழுத வேணாம். ஒண்ணும் தெரியாத ஆளோட மாரடிக்க முடியாது லா!"

வைஷாலி கொஞ்சம் தயங்கினாள்.

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். அங்கிள், அவர் முப்பது வருஷம் யூனிவர்சிட்டியில இந்தப் பாடத்தைத்தான் நடத்தினார்."

"யாரு, இவனா? அப்புறம் எதுக்கு இப்படி உளறிக் கொட்டறான்?"

"ஆன்ட்டி போனப்புறம் நாலு மாசம் நீங்க குரூப்ல ஒரு வார்த்தை எழுதல. யார் எதைப் போட்டாலும் கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிடுவீங்க. ஒரு வெள்ளிக்கிழமை அவர் அவசரத்துல நிஜமாவே பேரை மாத்திப் போட்டுட்டார். நீங்க ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதினீங்க."

துரைசாமி போனைத் திரும்ப வாங்கி அந்தப் படத்தை மறுபடி பார்த்தார்.

"அன்னிக்கே எனக்குப் போன் பண்ணினார். 'மனுஷன் பேசிட்டார்மா! இனிமே வாராவாரம் தப்பாவே போடறேன்'னு சொன்னார்."