கண்ணுக்குத் தனிக் கிரீம்

“மொகத்துக்கு ஒரு கிரீம், கண்ணுக்கு வேற கிரீமா மகன்? கண்ணும் மொகத்துலதானே ஈக்குது?”

கேட்டவர் ஊதா நிற அபாயா அணிந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. வெள்ளவத்தை காலி வீதியில் இருந்த அந்த அழகுசாதனக் கடைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வேறு யாராவது கேட்டிருந்தால், கேட்ட வாய் மூடுமுன் ஷாமில் இரண்டு டப்பாவைப் பையில் போட்டுக் கையில் கொடுத்திருப்பான்.

அவன் மொட்டைத் தலைக்கும் சீப்பு விற்கக் கூடியவன். சாமான் எடுப்பது முதலாளி இப்திகார் ஹாஜியாரின் பாடு, அதைத் தள்ளிவிடுவது ஷாமிலின் பாடு. கண் கிரீம் என்றால் அவனுடைய வாய் அவனைக் கேளாமலே வேலை செய்யும்.

இன்று அந்த வாயைக் கட்டிப்போட்டிருந்தான். காரணம், சற்று முன்னர் தங்கச்சி அர்பா போனில் சொன்ன செய்தி.

“நானா, அஸ்காட உம்மா ருக்கியா மாமி ஒன்ட கடைக்கு வாராவாம். பக்கத்து வீட்டு ஷிம்னாதான் செல்லின. ஊதா அபாயா உடுத்தீக்கிறாவாம். சாமான் வாங்குற மாதிரி வந்து ஒன்ட கொணத்தப் பாக்கப் போறா. நீயும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாத. பொய் மட்டும் செல்லாத!”

அஸ்காவை ஷாமில் பார்த்தது தெஹிவளையில் ஒரு கல்யாண வீட்டில். அவள் வெட்கப்படாமல் இரண்டாம் தரமும் வட்டிலப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கம் போயிற்று. அவளுடைய வாப்பா ஸஹாப்தீன் ஹாஜியாருக்குப் புறக்கோட்டையில் பெரிய வியாபாரம். கடையில் நிற்கிற பையனுக்குப் பெண் கொடுப்பதா என்று அந்த வீட்டில் யோசிப்பதாகக் கேள்வி. இது சரிவராவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஷாமில் தன் உம்மாவிடம் சொல்லியும் விட்டான்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். ஷாமில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் செய்யப் பார்த்தான்.

“கட்டாயம் வேணுமெண்டு இல்ல, மா...” மாமி என்று வந்ததை விழுங்கி, “மேடம்” என்று முடித்தான்.

ருக்கியா புருவத்தை உயர்த்தினார். தட்டில் பூசிப் பார்க்க வைத்திருந்த கண் கிரீம் டப்பாவை எடுத்து, பேசிக்கொண்டே அமுக்கித் திருகித் திறந்தார். அந்த மூடி கடையில் வேலை செய்கிறவர்களுக்கே லேசில் திறக்காது.

“கண்ணுக்குக் கீழ தோல் மெல்லிசு, அதுக்குத்தான் இது எண்டு செல்றாங்களே?”

“மெல்லிசுதான் மேடம், அது உண்மை. ஆனா மொகத்துக்குப் பூசுற கிரீமையே, வாசம் கூடினதா இல்லாமப் பாத்து, அங்கயும் மெல்லமாப் பூசினாப் போதும். வெயிலுக்குள்ள போறண்டா கறுப்புக் கண்ணாடி போடுங்க.”

“ஒங்கட கண்ணுக்குக் கீழயே கறுத்தீக்குது. நீங்க பூசுறல்லயா?”

“இது தூக்கமில்லாத கறுப்பு. கிரீமால போகாது.”

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது யார் என்று சொல்ல முடியாமல் நிற்பது அவனுக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது.

“அப்ப இது விலை போறல்லயா?”

“நல்லாப் போகுது மேடம். நாங்க பேசுற பேச்சுல போகுது.”

“இதுக்குள்ள என்னதான் ஈக்குது?”

“மொகக் கிரீம்ல ஈக்குறதுதான் முக்கால்வாசியும். சின்ன டப்பால போட்டுப் பெரிய வெல வெச்சீக்குறாங்க.”

உண்மை பேசிப் பழக்கமில்லாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஷாமில் நெஞ்சில் கை வைத்தான்.

“அல்லாஹ்வுக்குப் பயந்து செல்றன். இத விக்கக் கொண்டு வாற மனிசனுக்கு மனசாட்சியே இல்ல மேடம். பொம்பளைகள்ட பயத்துல பொழைக்கிறாரு.”

ருக்கியா டப்பாவை மூடி, பெயர் முன்பக்கம் தெரியும்படி திருப்பித் தட்டில் வைத்தார்.

“ஒங்கட பேரென்ன மகன்?”

“ஷாமில்.”

“மிச்சம் தெளிவாச் செல்லினீங்க, ஷாமில். ஊட்டுல போய் அப்பிடியே செல்றன்.”

வீட்டில் போய்ச் சொல்கிறாராம்! ஷாமிலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவைத் திறந்துவிட்டு, காலி வீதிப் போக்குவரத்தைக் கையால் மறித்து, அவரைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். கல்யாணத்து வலீமா விருந்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தான். கடையில் ஒரு சாமானும் விற்காமல் அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கண்ணாடிக்கு வெளியே கார் புறப்படுவதைப் பார்த்து நின்றார்.

“அது ஸஹாப்தீன் ஹாஜியார்ட வைஃப்தானே? ஒரு டீ கூடக் குடிக்காம ஏன் போறாங்க?”

“ஒங்களுக்கு அவங்களத் தெரியுமா ஹாஜியார்?”

ஷாமிலின் முகம் மலர்ந்தது. முதலாளியும் அந்த வீட்டில் தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் கைகூடிய மாதிரித்தான்.

“தெரியாமயா?” என்றார் முதலாளி. “இந்தக் கண் கிரீமை நாட்டுக்கு இறக்குறதே அவங்கட ஊட்டுக்காரர்தானே.”