தீவு மொழி

பின்னேரம் மூன்று மணிக்கு, கண்ணைத் திறக்காமலே சர் எட்மண்ட் பேசத் தொடங்கினார்.

பதினொரு நாட்களாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர். வயது தொண்ணூற்றாறு.

விம்பிள்டன் முதியோர் இல்லத்தின் மேல்மாடி அறை அது. கட்டிலருகே மகள் பிலிப்பா, மடியில் சில தாள்களுடன். மறுபக்கம் ஈரத்துணியோடு கிளறிற்றா. கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து அவரைப் பராமரிப்பவள்.

வெளியே செரி மரம் காற்றே இல்லாமல் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. அறைக்குள் வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல அசைந்தது.

அதுவரை பிலிப்பா தகப்பனின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் போனபின் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டியது.

இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறப்பு. ஏழு வயதில் கப்பலேறி இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி. பிறகு ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகள், படிப்படியாகப் பதவிகள். நாற்பத்து நான்கு வயதில் நடுக்கடலில் ஒரு சின்னத் தீவுக்கு ஆளுநர். வெள்ளைச் சீருடை, இறகு வைத்த தொப்பி, வந்திறங்கியபோது பீரங்கி மரியாதை.

அங்கே அவர் போட்ட முதல் சட்டத்தில் பிலிப்பா கொஞ்சம் நின்றாள். பள்ளிக்கூடத்தில் தீவு மொழி பேசும் பிள்ளைக்குப் பிரம்படி.

இதை எழுதலாமா என்று கேட்டாள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பெரிய டொக்டர்கள் என்று பதிலையும் தானே சொன்னாள்.

கிளறிற்றா கிழவரின் நெற்றியைத் துடைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. கிழவருடைய குரல் இல்லை. மெலிந்து, அவசரப்பட்டு, விக்கலோடு வந்தது.

பிலிப்பா எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. இது அந்தத் தீவின் மொழிதான், அப்பா யாருக்கும் தெரியாமல் படித்திருக்கிறார், அந்த மக்கள்மேல் அவருக்கு அவ்வளவு அன்பு, இதைக் கட்டாயம் எழுதவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கைபேசியைத் தேடினாள்.

கிளறிற்றாவின் கையிலிருந்த துணி தரையில் சொட்டியது.

அது தமிழ்.

அவளுடைய யாழ்ப்பாணத் தமிழ் அல்ல. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பேசுகிற தமிழ். ஏழு வயதுக்குமேல் வளராமல் நின்றுபோன தமிழ்.

அவள் குனிந்தாள். "பேசுங்கோ சேர். இஞ்ச ஒருத்தரும் அடிக்க மாட்டினம்."

அவர் கண் திறந்தார். அவளுடைய கறுத்த முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா" என்றார்.

பிறகு நிறுத்தாமல் பேசினார். பனி மூட்டம் வீட்டுக்குள்ளே வந்துவிட்டதாம். காலில் அட்டை கடிக்கிறதாம், உப்பு வேண்டுமாம். படிக்கட்டுக்குக் கீழே நாய் குட்டி போட்டிருக்கிறதாம். கிளறிற்றா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள்.

பிலிப்பா கைபேசியைத் தாழ்த்தினாள். இந்த மொழி உனக்கு எப்படித் தெரியும், முதலில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம். துணியைப் பிழிந்து முடிக்கும்வரை கிளறிற்றா அதைத்தான் யோசித்தாள். பிறகு அது என்ன மொழி என்பதையும், அவர் சொன்னதையும் உள்ளபடியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

தொரை, அடிக்காதீங்க. இனிமே இந்தப் பாஷை பேச மாட்டேன்.

தொரை என்றால் யார் என்று பிலிப்பா கேட்டாள்.

தோட்டத்து வெள்ளைக்கார முதலாளியை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றாள் கிளறிற்றா. அதாவது, பிலிப்பாவின் தாத்தாவை.

கிழவர் இன்னும் பேசிக்கொண்டேயிருந்தார்.

கடைசியில் பிலிப்பா, நீ அவரிடம் சொன்ன அந்த முதல் சொல் என்ன என்று கேட்டாள். கிளறிற்றா சொல்லிக் கொடுத்தாள். பிலிப்பா இரண்டு தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தகப்பனின் காதருகே குனிந்தாள்.

"பேசு... ங்கோ."

சர் எட்மண்ட் சட்டென்று நிறுத்தினார். தன்மேல் குனிந்திருந்த வெள்ளை முகத்தைப் பார்த்தார்.

பிறகு, இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.