தொட்டால் எழும் அலை

மின்சாரம் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் ஆசிலாஸ்கோப் திரையில் பச்சைக் கோடு நேராகப் படுத்தே கிடக்கிறது. மின் அலையை உண்டாக்க, கரண்ட் கன்வேயர் என்னும் மின்னணுச் சில்லுகள் பதித்த பலகையில் ஒரு சாலிடர் முனை மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கிறது. போன மாதம் இறந்துபோன அவள் கணவன் அங்கே தொட்டுத்தான் சைன் அலையை எழுப்புவான். அவள் தயங்கித் தயங்கித் தன் விரலைக் கொண்டுபோகிறாள். "இருங்க அண்ணி," என்கிறான் அவனோடு இதை வடிவமைத்த நண்பன். "அண்ணன் இதைச் சோம்பேறின்னு கொஞ்சிக்கிட்டே சரிபண்ணாம விட்டுட்டாரு. ரெசிஸ்டன்ஸ்ல மயிரிழைதான் தப்பு." ரெசிஸ்டன்ஸைக் கூட்டிக் குறைக்கும் திருகில் அவன் வைத்த சின்ன ஸ்க்ரூடிரைவர் துளி திரும்புகிறது. கோடு நெளிந்து, தளும்பி, அலையாக எழுகிறது. அவன் குமிழைத் திருகத் திருக அலைகள் நெருங்குகின்றன, விலகுகின்றன; உயரம் மட்டும் குறையவில்லை. "இனிமே யாரும் தொடவே வேணாம் அண்ணி." ஜன்னல் வெயில் பலகைமேல் விழுகிறது. அவள் விரல் அந்த மங்கிய முனைக்கு மேலே, தொடாமல் நிற்கிறது.