கண்ணைப் பிடிக்கும் கட்டம்

குக்கரஹள்ளி கெரே எனப்படும் ஏரியின் கரையில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. தண்ணீருக்கு நடுவிலிருக்கும் திட்டில், மாஞ்சா நூலில் இறக்கை சிக்கிய கூழைக்கடா ஒன்று கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது. வெறுங்கண்ணுக்கு அது காற்றில் ஆடும் வெள்ளைத் துணி. ஆண்டாளின் புது மிரர்லெஸ் கேமராவுக்குள்ளோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அலகுப் பையில் ஓடும் நரம்புகூடத் தெரிகிறது. கேமரா தானாகவே பறவையின் கண்ணைத் தேடிப்பிடித்து, அதைச் சுற்றி ஒரு சின்னப் பச்சைக் கட்டம் போட்டிருக்கிறது. தலை எப்படித் துவண்டாலும் கட்டம் விடுவதாயில்லை. ஞாயிறுதோறும் பறவைகளைப் படமெடுக்க வரும் குழுவில் எல்லோரும் அதே பக்கம்தான் லென்ஸை நீட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய லென்ஸ் இருந்து என்ன, ஒரு கத்தரிக்கோலை அவ்வளவு தூரம் நீட்ட முடியாது. இந்தக் கேமராக்களுக்கு ஷட்டர் சத்தமும் கிடையாது. இறக்கை கிளையில் மோதும் ஓசை கரைவரை கேட்கிறது.

"அத மீட்கற போட் எப்போ வருமாம் சார்?" என்கிறாள் ஆண்டாள்.

"மறுபடி கேட்டாச்சும்மா. கெரேக்கு வந்து சேர மத்தியானம் ஆகுமாம்," என்கிறார் குழுவை நடத்தும் இராமச்சந்திரன். அவளுடைய திரையை எட்டிப் பார்க்கிறார். "ஷட்டர் ஸ்பீடை இன்னும் ஏத்தும்மா. றெக்க அடிக்கறப்போ ஷேக் ஆகுது பாரு."

அவளும் ஏற்றுகிறாள். விரலுக்குச் செய்ய அது ஒன்றுதான் இருக்கிறது. இறக்கை அடிப்பது நிற்கிறது. கூழைக்கடாவின் இமை மெல்ல மூடுகிறது. பச்சைக் கட்டம் ஒரு கணம் தடுமாறி இலைகளுக்குள் அலைகிறது. பிறகு, பக்கத்துக் கிளையில் இறகு கோதிக்கொண்டிருக்கும் இன்னொரு கூழைக்கடாவின் கண்ணைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது.